வெண்குஷ்டம் என்று எழுதினாயே

மகனே,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இன்று நான் இல்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. உன் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனை உரசிக்கொண்டிருந்தாள். தபால்காரர் உறையை நீட்டியதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள்தான் வாங்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் உன் கையெழுத்தை உறையின் மேலேயே கண்டுபிடித்துவிடுவாள். “புள்ள எழுதிக்கிறான். படிம்மே. கண்ணாலத்துக்கு எப்போ லீவு போடுறானாம்?” என்று கேட்டாள். நானும் உரக்கப் படித்தேன். விசாகப்பட்டினத்தில் வெயில் தாங்கவில்லை என்றாய். மெஸ்ஸில் மீன் குழம்பு என்ற பேரில் புளித்தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றாய். அவள் சிரித்தாள். அதற்கு அடுத்த வரிக்கு என் கண் போனதும் வாய் நின்றுவிட்டது.

“இன்னா நிறுத்திட்டே?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி ஆவுது? படி.”

படித்தேன். “வசந்தாவுக்குக் காலில் வெண்குஷ்டம் இருக்கிறது. இந்தச் சம்பந்தம் வேண்டாம். பரிசம் போட்ட புடவையைத் திருப்பி வாங்கிவிடுங்கள். ஊர் என்ன சொல்லும்?” நீ எழுதியது அவ்வளவுதான். பெரியம்மா மிச்ச மீனையும் உரசி, கழுவி, சட்டியில் போட்டு மூடினாள். பிறகு எழுந்து, “குயம்பு நீயே வச்சிக்கோ. என் கையால வேணாம்” என்றாள். “என் கையால வேணாம்” என்ற பேச்சு இந்த வீட்டில் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இனி கேட்கவே கேட்காது என்று நம்பியிருந்தேன். அதை மறுபடி அவள் வாயிலிருந்து வரவழைத்தவன் நீ, அவள் கையால் பால் குடித்து வளர்ந்த நீ.

உனக்குப் புரியவில்லை, இல்லையா? பெரியம்மாவுக்கு ஏன் கோபம் என்று யோசிக்கிறாய். நீ பிறந்தபோது அவள் முகமும் கழுத்தும் இரண்டு கைகளும் வெளுத்து முடிந்திருந்தன. பேச்சு வந்ததும் அவளை நீ வெள்ளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாய். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். உனக்கு அது நிறம். அப்பா கறுப்பு, அம்மா மாநிறம், பெரியம்மா வெள்ளை. அதற்கு ஒரு நோயின் பேர் உண்டு என்று நானும் சொல்லவில்லை, உன் அப்பாவும் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கொள். வசந்தாவின் கணுக்காலில் நீ பார்த்ததும் பெரியம்மாவின் உடம்பில் இருப்பதும் ஒன்றேதான்.

இந்தக் கடிதத்தை ஒளித்துப் படிக்காதே. உன் அறையில் இருக்கிறவர்களும் படிக்கட்டும். அந்தச் சொல்லை நீ ஒருவன் உண்டாக்கவில்லை, எல்லார் வாயிலும் கிடக்கிறது. அதனால் நான் சொல்வது எல்லாருக்கும்தான்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், காசிமேட்டுக் கரையோரம் இருந்தோம். உன் தாத்தா கட்டுமரத்தில் போனார். எங்கள் அம்மா இல்லை. உன் பெரியம்மா, என் தனம் அக்கா, மீன் விற்றாள், நான் படித்தேன். குப்பத்தில் ஹைஸ்கூலுக்குப் போன பெண் நான் ஒருத்திதான். கையில் எந்நேரமும் புத்தகம் இருக்கும். மீன் மடித்து வந்த பழைய பேப்பரைக்கூடக் காயவைத்துப் படிப்பேன். “இவ மீனை வுட்டுட்டு பேப்பரை மேயுறா” என்று அக்கா கேலி செய்வாள். ஆனால் புது வார்த்தை ஏதாவது கிடைத்து நான் துள்ளினால், “இன்னா அர்த்தம்? சொல்லு, சொல்லு” என்று அவளே முதலில் கேட்பாள்.

எங்கள் மீன் கடைத்தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் கூடைகள் வரிசையாக இறங்கும். வியாபாரம் தொடங்கும் முன்பு கைராசிக்காரி ஒருத்தி எல்லாக் கூடையையும் ஒரு தடவை தொட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்தத் தெருவில் கைராசிக்காரி தனம் அக்காதான். மூத்த வியாபாரி மங்கம்மாவே அவளை வழிமறிப்பாள்: “தே தனம், நேத்து என் கூடைய தொடாம பூட்டியே, நெத்திலி பூரா நாறிப்போச்சு. இன்னிக்கு ரெண்டு தபா கை வையிடீ.” அக்கா இரண்டு கையையும் வைத்து அழுத்துவாள். சிரிப்பு கிளம்பும். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவேன். எனக்கு அது பெருமை.

அந்தக் கையில்தான் வந்தது. முதலில் விரல் முட்டிகளின் மேல், அரிசி அரிசியாக. செதில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணானதே தவிர வெள்ளை போகவில்லை. அரிசிகள் ஒன்றுசேர்ந்து கையின் மேலே பரவின. ஒருநாள் காலை அக்கா கூடைகளைத் தொட நடந்தபோது மங்கம்மா தன் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு கூடை நகர்ந்ததும் வரிசையில் எல்லாக் கூடையும் நகர்ந்தன.

“தூரப் போடீ. இது வெண்குஷ்டம். மீனைத் துன்னுட்டு மோரு குடிக்காதடின்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டியா?”

கோடைக்காலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுபோனால் அங்கே ஒரு வீட்டம்மா அக்காவுக்கு ஒரு டம்ளர் மோர் தருவார். கூடை சுமந்து வெயிலில் வந்தவளுக்கு யாரோ அன்பாகக் கொடுத்த மோர். மீன் தின்கிறவர்கள் தயிரோ மோரோ சேர்த்தால் உடம்பு வெளுத்துப்போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எங்கள் தெருவில் தயிர்க்காரி கால்வைக்கவே மாட்டாள். இதில் எனக்கு ஆத்திரம் எங்கே வந்தது தெரியுமா? மங்கம்மா சொன்னதில் இல்லை. அதை அக்காவே நம்பியதில். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து, “அந்த மோரை நான் குடிச்சிருக்கக் கூடாதும்மே. தாகத்துக்கு அலைஞ்சேன். எனக்கு நல்லா வேணும்” என்று தன்னையே வைதுகொண்டாள். செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புத்தகம் படிக்கிற பெண் வேறென்ன செய்வாள்? அந்தச் சொல்லைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்து நூலக அலமாரியில் பெரிய தமிழ் அகராதி இருந்தது. பக்கத்திலேயே தடியான இங்கிலீஷ் மருத்துவக் கைநூல் ஒன்றும். மத்தியான இடைவேளைகளில் அவற்றோடு மல்லுக்கு நின்றேன். குஷ்டம் என்பது வடமொழியிலிருந்து வந்த சொல், தமிழில் குட்டம் என்றும் எழுதுவார்கள். பிய்ப்பது, பிடுங்குவது என்று பொருள்படும் வேரிலிருந்து அது வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று ஒரு வாசனை வேர் விற்பார்களே, அதற்கும் வடமொழியில் அதே பேர்தானாம். நான் வாயைப் பிளந்தது அதற்கடுத்த விஷயத்தில். பழைய வைத்தியத்தில் குஷ்டம் என்பது ஒரு நோயின் பேரே அல்ல. தோலில் வருகிற எல்லாவற்றுக்கும் போட்ட பொதுப்பேர். பதினெட்டு வகை என்று எண்ணி வைத்திருந்தார்கள். அதில் சொறியும் உண்டு, படையும் உண்டு, சிரங்கும் உண்டு. அந்தக் கணக்குப்படி மங்கம்மாவின் பேரனுக்குத் தலையில் இருந்த சிரங்கும் குஷ்டம். எங்கள் கணக்கு வாத்தியார் கழுத்தில் இருந்த படையும் குஷ்டம். காலப்போக்கில் மற்ற எல்லா நோய்களும் அந்தப் பேரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பித்தன. விரலைத் தின்னும் பெருநோய்க்கு மட்டும் அது நிலைத்தது. அதோடு பாவம், இந்த வெளுப்பும் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு சம்பந்தமும் இல்லாத இரண்டு பேர் ஒரே வீட்டுப் பேரைச் சுமக்கிறார்கள். ஒருவர் பேரால் மற்றவருக்கு அடி.

இங்கிலீஷ் கைநூலில் பார்த்தால் லூக்கோடெர்மா என்று இருந்தது. கிரேக்க மொழியில் லூக்கோஸ் என்றால் வெள்ளை, டெர்மா என்றால் தோல். வெள்ளைத் தோல். அவ்வளவுதான், முடிந்தது! அதற்கே விட்டிலிகோ என்று இன்னொரு பேர், லத்தீன். கறை என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். கன்றுக்குட்டி என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர், கன்றின் மேல் வெள்ளைத் திட்டு இருக்குமே, அதைப் பார்த்து. பெருநோய்க்கு அவர்கள் வைத்த லெப்ரா என்ற பேரையும் தேடினேன். அது செதில் என்ற சொல்லிலிருந்து வந்ததாம், மீன் செதில்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கள் குப்பம் முழுக்கச் செதில். மங்கம்மாவின் முழங்கை வரைக்கும் செதில். செதில் இல்லாத கை அங்கே என் அக்காவின் கை ஒன்றுதான், கூடையைத் தொடவிடாததால்!

பிறகு தமிழ் வகுப்பில் சுணங்கு என்று ஒரு சொல் வந்தது. பழைய பாட்டுகளில் இளம்பெண்ணின் மேனியில் படரும் வெளிறிய புள்ளிகளுக்கு அந்தப் பேர். அதை அழகு என்று பூந்தாதோடு சேர்த்துப் பாடியிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. தோலில் ஒரு புள்ளியைப் பார்த்துப் பூ என்று சொல்லவும் தமிழ் தெரிந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். என் அக்காவின் கைக்கு வரும்போது மட்டும் அந்தத் தமிழுக்கு என்ன கேடு வந்தது? வகுப்பு முடிகிறவரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அர்த்தம் தெரிந்து என்ன பயன், மோர்க் கதையை எப்படி உடைப்பது? ஜெயமணி என்று எனக்கு ஒரு தோழி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து யானைக்கவுனியில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் பெண். தினமும் தயிர்ச்சோறுதான் கொண்டுவருவாள். அவளிடம் கேட்டேன், “நான் மீன் கொண்டாறேன், நீ தயிர்ச்சோறு குடு. ரெண்டையும் சேத்து துன்னு பாக்கறேன்.” அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். “எங்கம்மையும் அப்படித்தான் சொல்லுவா, வெள்ள வெளேர்னு ஆயிருவேன்னு. ஏட்டி, நானும் திங்கேன். வந்தா ரெண்டு பேருக்கும் சேந்து வரட்டும், துணைக்கு ஆளாச்சு” என்றாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து வறுத்த வாளையைத் தயிர்ச்சோற்றில் பிசைந்து தின்றோம். முதல் வாயை விழுங்க முடியவில்லை, பயம். அப்புறம் ருசி பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகும் சந்தித்து, அந்தக் கோடை முழுக்கத் தின்றோம். சாப்பிட்டதும் சட்டைக் கையை மடித்து ஒருத்தி தோலை ஒருத்தி பார்ப்போம். ஜெயமணிக்கு வந்ததெல்லாம் வேர்க்குரு மட்டும்.

இனி யார் என்ன சொல்ல முடியும் என்ற திமிரில் ஒரு காலை மீன் கடைத்தெருவுக்குப் போய் நின்றேன். பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கட்டி, இரண்டு கையையும் நீட்டி, மேடையில் பேசுகிறவள் மாதிரி சொன்னேன்: “எல்லாரும் பாருங்க. நான் கோடை பூரா மீனும் தயிரும் சேத்து துன்னேன். எனக்கு ஒண்ணும் வரல. எங்கக்கா மோரு குடிச்சதால இது வரல.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மங்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அடிப்பாவி! நீயும் துன்னுட்டியா?”

“இன்னிக்கு வரல, நாளிக்கு வரும். அக்காளுக்கு வந்து தங்கச்சிக்கு வராமயா பூடும்?” என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.

“யம்மா, படிச்ச கயுத, அந்தாண்ட நில்லு. கூடை மேல உன் நெயல் படுது” என்றாள் இன்னொருத்தி.

என்னுடைய சோதனை இப்படித்தான் முடிந்தது. அன்றிலிருந்து குப்பத்துப் பெண்கள் என் கையையும் கழுத்தையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். தண்ணீர்க் குழாயடியில் எனக்கு வழிவிட்டார்கள், மரியாதையால் அல்ல. நிரூபித்தால் போதும், உலகம் ஒப்புக்கொள்ளும் என்று புத்தகங்களை நம்பி நினைத்தேன். பயந்தவர்களுக்கு நிரூபணம் இன்னொரு பயமாகத்தான் தெரிகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று நடந்தது. விஷயம் தெரிந்த அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கோடை பூராவா? ஒண்ணும் வரலியா?” என்று கேட்டுவிட்டு, முதுகில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் சிரித்தாள். “அப்போ அந்த மோரு மேல தப்பு இல்ல” என்றாள். தன்னை வைதுகொள்வதை அன்றைக்கு நிறுத்தினாள். ஊர் நம்பாவிட்டாலும் யாருக்காகத் தின்றேனோ அவள் நம்பினாள்.

ஊர் சும்மா விடவில்லை. மீன் கடைத்தெருவில் குஷ்டக்காரி நடமாடுகிறாள் என்று யாரோ எழுதிப்போட, ஒரு சுகாதார அதிகாரி வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். மங்கம்மாவும் இன்னும் சில பெண்களும் தீர்ப்பைக் கேட்க வந்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு டாக்டர், சின்ன வயசுக்காரர், அக்காவைக் கண்ணை மூடச் சொன்னார். வெள்ளைத் திட்டின் மேல் பஞ்சால் தடவினார். “கூச்சமா கீது சார்” என்றாள். அடுத்து ஊசிமுனையால் ஒரு குத்து.

“யம்மாடி! இன்னா சார், சொல்லாம கொள்ளாம குத்துற?”

டாக்டர் சிரித்துவிட்டார். “வலிச்சுதா? நல்லதாப் போச்சு. அந்த வியாதியா இருந்தா வலிக்காது, தெரியாது. இது ஒட்டாது, விரலைத் தின்னாது. இவங்களுக்குக் குஷ்டம் இல்லம்மா” என்று எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

மங்கம்மா விடவில்லை. “அப்போ இது பேரு இன்னா டாக்டர்?”

அவர் சாதாரணமாகச் சொன்னார்: “இதுவா? வெண்குஷ்டம்.”

மங்கம்மா எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! “பாத்தீங்களா? பேர்லியே கீது. டாக்டரே சொல்ட்டாரு.” அவ்வளவுதான். பஞ்சு, ஊசி, ஒட்டாது, தின்னாது, எல்லாம் அந்தத் தாழ்வாரத்திலேயே கிடந்தன. அந்த ஒரு சொல் மட்டும் எங்களுக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த டாக்டர் நல்லவர்தான். நோய் தெரிந்தவர். ஆனால் ஒரு மனுஷிக்கு விடுதலை கொடுத்த அதே மூச்சில் அவள் கையில் மறுபடி விலங்கை மாட்டினோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

அக்காவுக்குத் திருவொற்றியூர்க் குப்பத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன். அவனுடைய அம்மா வந்து மரியாதையாகத்தான் பேசினாள். “எங்களுக்கு மன்ஸுல ஒண்ணும் இல்ல. ஊரு இன்னா சொல்லும்?” என்றாள். நீ எழுதிய அதே வரி. அர்த்தம் கொஞ்சமும் மாறவில்லை. இத்தனை வருஷம் கழித்து, காலேஜ் படித்து, வேறு ஊருக்குப் போய், தீப்பெட்டித் தொழிற்சாலைக்காரனின் அம்மா பேசிய வார்த்தையை என் பிள்ளை எனக்கே எழுதி அனுப்புகிறான்.

என்னைப் பெண் பார்க்க உன் அப்பா வந்தபோது சொந்தக்காரர்கள் அக்காவை அன்றைக்கு மட்டும் புளியந்தோப்பில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அக்காதான் தண்ணீர் கொண்டுவந்தாள். உன் அப்பா டம்ளரை வாங்கியபோது வேட்டியெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: “பயந்துகிட்டேதான் குடிச்சேன்.” அதற்காக நான் அவரைக் குறைத்து நினைத்ததில்லை. பயம் வந்தால் வரட்டும். பயந்தவன் கேட்கலாம், விசாரிக்கலாம், ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். நீ இதில் எதையும் செய்யவில்லை. ஒரு சொல்லை எடுத்து எறிந்துவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

அக்காவின் உடம்பு முழுக்க வெளுத்த பிறகு நடந்த வேடிக்கையையும் கேள். ராயபுரத்தில் அப்போது சட்டைக்காரர்கள் நிறைய, ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினால் கண்டக்டர் நெளிந்து, இங்கிலீஷில் உட்காரச் சொல்லி, இடம் காலிசெய்து கொடுப்பான். “இன்னாய்யா, தஸ்ஸு புஸ்ஸுங்குற? காசிமேட்டுக்கு ஒரு டிக்கெட் குடு” என்பாள் அவள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். பாதி வெள்ளையாக இருந்தபோது கூடையை இழுத்துக்கொண்டவர்கள், முழு வெள்ளையானதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் சிரித்துவிட்டு உட்காருவாள். எனக்குச் சிரிப்பு வராது.

வெளுப்பு சில குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கும் வருவதுண்டு, பலருக்கு வருவதில்லை. அதுதான் உன் பயம் என்றால் இதையும் யோசித்துப் பார். உன் ரத்தத்தில் பெரியம்மா இருக்கிறாள். பயப்பட வேண்டியவர்கள் வசந்தா வீட்டார். எர்ணாவூரிலிருந்து அவர்கள் வந்த அன்றைக்கே பெரியம்மாவைப் பார்த்தார்கள், அவள் கையால் காபி குடித்தார்கள். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் கொடுக்கிறோம் என்றார்கள்.

வியாழக்கிழமை காலை நானும் பெரியம்மாவும் எர்ணாவூர் போனோம். உன் சார்பில் மன்னிப்புக் கேட்டு, உன்னை வழிக்குக் கொண்டுவர நேரம் வாங்கலாம் என்றுதான் போனேன். வசந்தாவின் அப்பாவுக்கு நீ எழுதியது தெரியாது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவர் கைகூப்பி, “தப்பு எங்க மேலதாம்மா, மொதல்லியே சொல்லியிருக்கணும்” என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். கையில் நாம் வைத்த பரிசப் புடவை, மடிப்புக் கலையாமல்.

“நைனா, நீ சும்மா இரு. நாம ஒண்ணும் மறைக்கல” என்றாள். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். “நான்தான் அத்தை அவர்கிட்ட காட்டினேன். கோயில் குளத்துல கால் கயுவறப்ப, புடவைய நானே தூக்கிக் காட்டி, இது கீது, பாத்துக்கோங்கன்னேன். ‘அதனால இன்னா, எனக்கு ஒண்ணுமில்ல’ன்னு சொன்னாரு. சொல்லிட்டு ஊருக்குப் போயி உங்களுக்கு எய்திக்கிறாரு. எனக்குப் புடிக்கலன்னு அப்பவே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, அழுதிருப்பேன், ஆனா நல்ல மன்ஷன்னு நெனச்சிருப்பேன். இப்போ அவரு சரின்னு வந்தாலும் எனக்கு வேணாம்.”

புடவையை என் மடியில் வைத்தாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே, நான் எதை மறுப்பேன்? அவள் முகத்துக்கு நேரே ஒன்று, எனக்கு எழுதியது இன்னொன்று. உன்னை அப்படியா வளர்த்தேன்?

ஆகவே, நீ கேட்டபடியே சம்பந்தம் நின்றுவிட்டது. நீ நிறுத்தவில்லை, அவள் நிறுத்தினாள். யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். நீயும் அப்படித்தான் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு ஏதோ குறை என்று உன் வாயிலிருந்து இனி ஒரு சொல் வந்ததாகக் கேள்விப்பட்டால் இந்த வீட்டு வாசலை நீ மறந்துவிடலாம்.

உன் மனசில் கொஞ்சமாவது உறுத்தினால், லீவு போட்டு வா. என்னிடம் வராதே. நேரே எர்ணாவூர் போ. அவளுக்கு முன்னால் நின்று, எனக்கு எழுதியதை அவளிடம் சொல், அதே சொல்லால். நாக்கு வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்பதையும் அவளிடமே சொல். அவள் என்ன பதில் சொல்வாளோ எனக்குத் தெரியாது. கதவைச் சாத்தினாலும் அது அவள் உரிமை. உனக்காகப் பரிந்து பேச நான் கூட வரமாட்டேன்.

பெரியம்மா வருகிறாளாம். நான் எழுதுவதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ வராட்டி போ. புள்ள தனியா நின்னா பயந்துக்குவான், நான் கூடப் போறேன்” என்கிறாள்.

உன் அம்மா